கல்லாய்ச் சமைந்த கனி

மத்தியப் பிரதேசத்தில், சிந்த்வாரா ஜில்லாவில், மோகாவ் கலான் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அவ்வூரைச் சுற்றிக் கிடைக்கும் ஒரு வகைக் கல் பார்வைக்கு ஒன்றும் பிரமாதமில்லை. சிக்கிமுக்கிக் கல்லைப் போன்ற கெட்டியான கல். காலில் இடறினால் தள்ளிவிட்டுப் போகத் தோன்றுமே தவிர, குனிந்து எடுக்கத் தோன்றாது. ஆனால் அதை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தவர்கள் வியப்பில் ஆழ்ந்தார்கள். கல்லுக்குள்ளே ஒரு காய்! தோல் இருக்கிறது, தோலுக்குள் அறைகள் இருக்கின்றன, அறைகளில் விதைகள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. எல்லாம் கல். பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தால், விதையின் தோலிலுள்ள நுண்ணறைகளைக்கூட ஒன்று, இரண்டு என்று எண்ணிவிடலாம்.

இந்தக் காயைக் காய்த்த செடி இன்று உலகத்தில் எங்கும் இல்லை. அது பூத்துக் காய்த்து ஏறத்தாழ 6½ கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதைப் பார்த்த மனிதர் ஒருவருமில்லை. அப்போது மனித இனமே இல்லை. அப்படியிருந்தும் அதற்கு ஒரு பெயர் உண்டு. எனிக்மோகார்ப்பான் பாரிஜை என்று தாவர சாஸ்திரிகள் அதை அழைக்கிறார்கள். முதற்சொல்லுக்குப் புதிர்க்கனி என்று பொருள். இரண்டாவது சொல், ஒரிஸாவில் பிறந்து புகழ்பெற்ற தாவர சாஸ்திரி பிராணகிருஷ்ண பாரிஜாவைக் கௌரவிப்பது.

இந்தப் பெயரைச் சூட்டி, அதன் குலம் கோத்திரம் இன்னதென்று கண்டு சொன்னவர் பேராசிரியர் பீர்பல் சாஹ்னி. மண்ணுக்குள் மறைந்துபோன செடிகொடிகளைத் தேடுவதிலேயே ஆயுளைச் செலவிட்டவர் அவர்.

தந்தையின் வழி

பஞ்சாபில் ஷாபூர் ஜில்லாவைச் சேர்ந்த பேரா என்ற ஊரில் 1891-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி பீர்பல் பிறந்தார். அந்த ஊர் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. தந்தை ருசி ராம் சாஹ்னி லாகூர் சர்க்கார் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியர். தாயார் ஈசுவர் தேவி.

ருசி ராம் சாமானியமான மனிதரல்ல. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு சீமைக்குச் சென்று, மான்செஸ்டரில் பேரறிஞர் ரூதர்போர்டின் பரிசோதனைச் சாலையில் ஒரு மாணவரைப் போல உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தவர். ஊரில் இருக்கும்போது பொதுமக்களுக்குச் சாஸ்திர விஷயங்களைப் பஞ்சாபி மொழியில் எடுத்துச் சொன்னவர். விடுமுறை வந்தால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இமயமலைப் பக்கம் புறப்பட்டுவிடுவார். கால்நடையாகவே மலைகளையும் கணவாய்களையும் கடப்பார்கள். இளம் பீர்பல் வழியெல்லாம் செடிகளையும் கற்களையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வார். பிற்காலத்தில் உலகம் புகழ்ந்த ஆராய்ச்சிக்கு விதை விழுந்தது அந்த மலைப் பாதைகளில்தான்.

லாகூர்க் கல்லூரியில் சிவராம் காஷ்யப் என்ற பேராசிரியரிடம் தாவர சாஸ்திரம் பயின்றார். பரீட்சை நாள் ஒன்றில் நடந்ததாக ஒரு சம்பவம் சொல்வார்கள். கேள்வித்தாளைப் பிரித்துப் பார்த்தால், முந்தைய ஆண்டு ஒன்றில் கேட்ட அதே கேள்விகள்! இதை எழுதித் தேறுவது நேர்மையான பரீட்சையாகாது என்று கூறிப் பீர்பல் எழுந்து வெளியே வந்துவிட்டாராம். கடைசியில் சர்வகலாசாலை வேறு கேள்வித்தாள் தயாரிக்க வேண்டியதாயிற்று. 1911-ல் பட்டம் பெற்றார்.

அந்தக் காலத்தில் கெட்டிக்காரப் பிள்ளைக்கு வீட்டில் விதிக்கும் வழி ஒன்றுதான்: ஐ.சி.எஸ். ருசி ராமுக்கும் அந்த எண்ணம் இருந்தது. மகனோ ஆராய்ச்சியைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லவில்லை என்று சொல்லிவிட்டார். தந்தையும் வற்புறுத்தவில்லை. கலெக்டர் உத்தியோகத்துக்குப் போயிருந்தால் பென்ஷன் கிடைத்திருக்கும், புதிர்க்கனி கிடைத்திருக்காது.

கேம்பிரிட்ஜில் கற்ற பாடம்

1911-ல் கேம்பிரிட்ஜ் சென்று இம்மானுவேல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் குருவாக வாய்த்தவர் ஸீவர்டு. பூமியில் புதைந்து படிவங்களாகிவிட்ட தாவரங்களைப் பற்றி அந்தக் காலத்தில் உலகமே யோசனை கேட்ட அறிஞர் அவர்.

1915-ல் சாஹ்னி எழுதிய ஒரு சிறு கட்டுரையை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். கிங்கோ என்பது மிகத் தொன்மையான ஒரு மரம். அதன் சூலுக்குள் முற்றிலும் வேறொரு செடியின் மகரந்தம் புகுந்திருப்பதை அவர் கண்டார். காற்று கொண்டுவந்து போட்ட மகரந்தம் அது. உயிரோடு நிற்கும் மரத்திலேயே இப்படி நேருமானால், கல்லாகிவிட்ட விதையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? விதைக்குள் மகரந்தம் இருக்கிறது என்பதற்காக இரண்டும் ஒரே செடியைச் சேர்ந்தவை என்று முடிவு கட்டிவிடக்கூடாது என்று அவர் எச்சரித்தார். 24 வயது இளைஞரின் எச்சரிக்கை அது. சேர்ந்து கிடப்பதெல்லாம் சொந்தமாகிவிடாது! இந்த எச்சரிக்கை பிற்காலத்தில் அவர் வாழ்க்கையிலேயே ஒரு முறை திரும்பி வந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

1919-ல் லண்டன் சர்வகலாசாலையின் டாக்டர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டில் தாய்நாடு திரும்பினார். காசி இந்து சர்வகலாசாலையிலும், பிறகு பஞ்சாபிலும் சிறிது காலம் பணியாற்றிவிட்டு, 1921-ல் லக்னோ சர்வகலாசாலையின் முதல் தாவரவியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். இதற்கிடையே 1920-ல் சாவித்திரி அம்மையாரை மணந்துகொண்டார். குழந்தைகள் இல்லை. கணவர் காடு மேடெல்லாம் கல் தேடிப் புறப்படும்போது அந்த அம்மாளும் கூடவே புறப்பட்டுவிடுவார்.

லக்னோவில் கதராடை அணிந்த அந்தப் பேராசிரியரிடம் படிக்க நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். கல்லை வாங்கிப் பார்த்துவிட்டு அறிக்கை எழுதி அனுப்புகிற வேலையல்ல அங்கே நடந்தது. கல்லை வாளால் மெல்லிய சீவலாக அறுக்க வேண்டும். அந்தச் சீவலைக் கண்ணாடித் துண்டில் ஒட்டி, உரைப்பொடி போட்டுத் தேய்க்க வேண்டும். வெளிச்சம் ஊடுருவிப் போகிற அளவுக்கு, காகிதத்தைவிட மெல்லியதாகும் வரையில் தேய்க்க வேண்டும். ஒரு தேய்ப்பு அதிகமாகிவிட்டால், கோடிக்கணக்கான ஆண்டுகள் பத்திரமாக இருந்தது ஒரு நொடியில் மாவாகிவிடும். பொறுமை இல்லாதவனுக்கு அந்தப் பரிசோதனைச் சாலையில் இடமில்லை.

நெருப்பாற்றின் கரையில்

சரி, காய் எப்படிக் கல்லாயிற்று?

பம்பாயிலிருந்து ரயிலில் மேற்குத் தொடர்ச்சி மலை ஏறுகிறவர்கள், படிக்கட்டு அடுக்கியதுபோல் நிற்கும் கரும்பாறைகளைப் பார்த்திருப்பார்கள். ஒரு காலத்தில் பூமியின் பிளவுகளிலிருந்து பொங்கி வழிந்த எரிமலைக் குழம்பு, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உறைந்த பாறைகள் அவை. இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை அவை மூடிக்கொண்டிருக்கின்றன. மகாராஷ்டிரத்தின் பெரும் பகுதியும் அதைச் சுற்றியுள்ள நாடுகளும் அந்தப் பாறையின் மேல்தான் இருக்கின்றன. பருத்தி விளையும் கரிசல் பூமி அந்தப் பாறை கரைந்து உண்டானது.

இந்தக் குழம்பு ஒரே நாளில் வழிந்ததல்ல. ஒரு முறை பொங்கும்; பிறகு நெடுங்காலம் ஓய்ந்திருக்கும். ஓய்ந்த காலத்தில் மழை பெய்யும், ஏரிகள் நிறையும், கரையில் செடிகள் முளைக்கும், பனைகள் வளரும், பூக்கும், காய்க்கும். பிறகு மறுபடியும் நெருப்பாறு வந்து எல்லாவற்றையும் மூடும். அந்த ஏரிச் சேற்றில் விழுந்த காய்களுக்குள் மணற்சத்து கரைந்த நீர் ஊறியது. இலைக்கும் விதைக்கும் உள்ளே, அறை அறையாக அந்தச் சத்து இறங்கி உறைந்தது. காய் அழுகுவதற்கு முன்னால் கல் முந்திக்கொண்டது.

மோகாவ் கலான் கற்களில் கிடைத்த காய்களைப் பற்றி 1930-களின் தொடக்கத்திலேயே செய்திகள் வெளிவந்தன. சாஹ்னி புதிர்க்கனியைப் பல கோணங்களில் அறுத்துப் பார்த்தார். ஒவ்வொரு சீவலும் ஒரு படம். படங்களை மனத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முழுக் காயையும் உருவாக்கினார். 1943-ல் விரிவான ஆராய்ச்சிக் கட்டுரை வெளியாயிற்று. காய் முற்றினால் வெடித்து விதையைச் சிதறும் இனம் அது. மருதாணிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது அவர் முடிவு. நம் பெண்கள் கையில் அரைத்துப் பூசும் மருதாணியும், சாலையோரத்தில் ஊதா நிறத்தில் பூத்துக் குலுங்கும் பூமருதும் அந்தக் குடும்பம்தான். இன்றைய சாஸ்திரிகள் மாதுளையையும் அதிலேயே சேர்த்திருக்கிறார்கள். நெருப்பாற்றங்கரையில் வளர்ந்த ஒரு செடி நமது புழக்கடை மருதாணிக்குத் தூரத்து உறவு!

காய் கிடைத்தது, பூ? அதே ஊர்க் கற்களிலிருந்து அதுவும் கிடைத்தது. 1944-ல் வி. பி. சுக்லா என்ற ஆராய்ச்சியாளர் கல்லாய்ச் சமைந்த ஒரு சிறு பூவை விவரித்து, சாஹ்னியின் பெயரால் சாஹ்னியாந்தஸ் என்று பெயரிட்டார். அந்தப் பூவும் புதிர்க்கனியும் ஒரே செடியினுடையவை என்று பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள். மற்றொரு பூவுக்குச் சாஹ்னிபுஷ்பம் என்றே பெயர். மனிதர் பெயரைத் தெருவுக்கும் பூங்காவுக்கும் வைப்பது வழக்கம். வாடாத பூவுக்கு வைத்தது இவர் விஷயத்தில்தான்.

சென்னையில் ஒரு பிரசங்கம்

காய்க்குப் பெயர் வைத்ததோடு வேலை முடியவில்லை. அந்தக் காயும் அதோடு கிடந்த கூட்டமும் ஒரு பெரிய வழக்கில் சாட்சிகளாக நின்றன.

தக்காணத்தின் எரிமலைப் பாறைகள் எந்த யுகத்தைச் சேர்ந்தவை? ராட்சதப் பல்லிகள் உலாவிய கிரெட்டேஷியஸ் யுகத்தவை என்று பூகர்ப்ப சாஸ்திரிகளில் பலர் நெடுநாள் சொல்லிவந்தார்கள். சாஹ்னி ஒப்பவில்லை. அந்த யுகம் முடிந்து, அதற்கு அடுத்த டெர்ஷியரி யுகம் பிறந்த பின்பே குழம்பு பொங்கியது என்றார். 1934-ல் இந்தக் கேள்வியை எழுப்பி எழுதினார். 1940 ஜனவரியில் சென்னையில் இந்திய சயன்ஸ் காங்கிரஸ் கூடியபோது தலைமை வகித்தவர் அவர். தலைமைப் பிரசங்கத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருளும் இதுவே.

சாட்சிகளில் முக்கியமானது நிப்பா என்ற பனை வகை. கடலும் ஆறும் கலக்கும் கழிமுகச் சேற்றில் வளர்வது அது. அதன் காய் மோகாவ் கலான் கல்லில் கிடைத்தது. கடலோ இன்று அங்கிருந்து நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால். அப்படியானால் ஒரு காலத்தில் கழிமுகம் அந்த ஊர்வரை வந்திருக்க வேண்டும் என்று சாஹ்னி ஊகித்தார். அதே நிப்பாவின் காய்கள் இங்கிலாந்தில், தேம்ஸ் நதி முகத்திலுள்ள களிமண் படுகையில் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அந்தப் படுகை டெர்ஷியரி யுகத்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நம் பக்கத்து ராஜமகேந்திரவரத்தில், குழம்புப் பாறைகளுக்கு இடையே தென்னாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டெடுத்த நீர்ப்பாசியின் நுண்ணிய காய்களும் அதே பக்கம் சாட்சி சொல்லின. அரை நாட்டை மூடிய பாறைக்கு வயது சொல்லும் பொறுப்பை, உள்ளங்கையில் அடங்கும் காய்களிடம் ஒப்படைத்தார் அவர்.

தீர்ப்பு என்ன ஆயிற்று? பாறையிலுள்ள அணுக்கள் சிதையும் வேகத்தைக் கொண்டு வயது கணக்கிடும் முறை பிற்காலத்தில் வந்தது. ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் என்றது அது. இரண்டு யுகங்களும் சந்திக்கும் எல்லைக்கோடு அதுவே. குழம்பு கிரெட்டேஷியஸின் கடைசியில் பொங்கத் தொடங்கி, டெர்ஷியரியின் தொடக்கத்திலும் வழிந்திருக்கிறது. இரு கட்சியும் பாதிப் பாதி ஜெயித்தன என்று சொல்லலாம். ஆனால் பாறைகளின் வயதைச் செடிகொடிகளிடம் விசாரிக்கலாம் என்று பூகர்ப்ப சாஸ்திரிகளை ஒப்புக்கொள்ள வைத்தது சாஹ்னியின் வெற்றி.

தமிழ்நாட்டோடு அவருக்கு வேறு தொடர்பும் உண்டு. திண்டிவனத்துக்குப் பக்கத்திலுள்ள திருவக்கரைக் கல்மரங்களையும் அவர் ஆராய்ந்திருக்கிறார். சென்னையின் பெயர்பெற்ற பாசியியல் அறிஞர் எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்காரைப் பாராட்டி 1946-ல் ஒரு மலர் வெளியாயிற்று. அந்த மலருக்குச் சாஹ்னி அளித்த கட்டுரை, தென்னையை ஒத்த ஒரு கல்மரத்தைப் பற்றியது. தக்காணத்துக் கல்லிலிருந்து எடுத்த அந்த மரத்துக்கு அவர் வைத்த பெயரில் சுந்தரம் என்ற சொல் இருக்கிறது. தமிழருக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

பெருமைகளும் ஒரு சறுக்கலும்

1936-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டில் ரோத்தக் நகருக்கு அருகே கோக்ரா கோட் என்ற மேட்டில் அவர் கண்ணில் சில களிமண் துண்டுகள் பட்டன. பழங்காலத்து யௌதேயர்கள் நாணயம் வார்த்த அச்சுகள் அவை! ஆயிரக்கணக்கில் சேர்த்து, நாணயம் வார்த்த முறையை விளக்கி 1945-ல் புத்தகம் எழுதினார். நாணயவியல் சங்கம் அதற்குப் பதக்கம் அளித்தது. செடியின் பதிவானால் என்ன, காசின் பதிவானால் என்ன, மண்ணில் பதிந்த ஒன்றை அவரால் பார்க்காமல் போக முடியாது.

ராஜ்மகால் மலைகளின் புதைபடிவங்களைப் பற்றிய ஆராய்ச்சியே அவருக்குத் தனிப் புகழ் தந்தது. அதை விவரிக்க இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

சறுக்கல் உப்பில் நேர்ந்தது. பஞ்சாபின் உப்பு மலைத்தொடரில், பழம்பெரும் பாறைகளுக்கு அடியில் உப்புப் படுகை இருக்கிறது. அந்த உப்பைக் கரைத்து வடிகட்டியபோது மரத்துணுக்குகளும் பூச்சித் துண்டுகளும் கிடைத்தன. பூக்கும் செடிகளின் துணுக்கு இருப்பதால் உப்பு மிகப் பிந்திய காலத்தது என்று சாஹ்னி வாதாடினார். 1940-களில் பெரிய விவாதம் நடந்தது. கடைசியில் படுகை மிகத் தொன்மையானது என்பதே நிலைபெற்றது. துணுக்குகள் பின்னால் வந்து புகுந்தவை என்று கருதப்படுகின்றன. கிங்கோ சூலுக்குள் அயல் மகரந்தத்தைக் கண்டு 24 வயதில் உலகை எச்சரித்தவரை, 50 வயதுக்குமேல் அதே கண்ணி பிடித்துக்கொண்டது. இதனால் அவர் பெருமை குறையவில்லை. எதிர்க்கட்சியின் வாதத்தை அவர் ஒருநாளும் அலட்சியம் செய்ததில்லை.

எட்டு நாள்

தனக்குப் பின்னும் இந்த ஆராய்ச்சி நடக்க வேண்டும் என்ற கவலை அவரைப் பிடித்திருந்தது. 1946-ல் சாஹ்னியும் சாவித்திரி அம்மையாரும் தங்கள் சொத்து, நூல் நிலையம், சேகரித்த படிவங்கள் எல்லாவற்றையும் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு எழுதி வைத்தார்கள். அவ்வாண்டு செப்டம்பரில், லக்னோ சர்வகலாசாலையின் தாவரவியல் பகுதியிலேயே நிலையம் எளிமையாகத் தொடங்கிற்று. மறு ஆண்டு தேசம் பிரிந்தது. பிறந்த ஊரும் படித்த நகரமும் எல்லைக்கு அப்பால் போய்விட்டன. சுதந்திர இந்தியாவின் கல்வி இலாகாவில் உயர்ந்த பதவி தேடிவந்தது. நிலையத்தை விட்டுப் போக மனமில்லாமல் அவர் அதை மறுத்துவிட்டார்.

1949-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டு விழா. நாட்டியவர் பிரதம மந்திரி ஜவாஹர்லால் நேரு. இருவரும் கேம்பிரிட்ஜில் படித்தவர்கள். பிறந்ததும் ஒரே நவம்பர் 14-ந் தேதி, நேரு இரண்டு வயது மூத்தவர். அந்த அடிக்கல்லும் சாதாரணக் கல்லல்ல. உலகின் பல நாடுகளிலிருந்து வந்த, பல யுகங்களைச் சேர்ந்த 77 படிவங்களைப் பதித்துச் சாஹ்னியே தயாரித்தது.

விழா முடிந்து ஒரு வாரம்கூட நிம்மதியாகக் கழியவில்லை. ஏப்ரல் 9-ந் தேதி இரவு மாரடைப்பு கண்டது. நள்ளிரவைத் தாண்டி 10-ந் தேதி பிறந்ததும் உயிர் பிரிந்தது. வயது 57. நிலையத்தைப் பேணி வளர்க்கும்படி மனைவியிடம் கடைசியாகக் கேட்டுக்கொண்டார் என்பார்கள். 1950-ல் ஸ்டாக்ஹோம் நகரில் கூடவிருந்த சர்வதேச தாவரவியல் மாநாட்டுக்கு அவரைக் கௌரவத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மாநாடு அவரில்லாமல் கூடிற்று.

அடிக்கல் மட்டும் நின்றது. கட்டடம் இல்லை, தலைவர் இல்லை, பணமும் போதாது. சாவித்திரி அம்மையார் அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. நிலையத்தின் தலைமையைத் தாமே ஏற்றார்; சர்க்காரின் உதவியும் வெளிநாட்டு உதவியும் திரட்டினார். 1953-ம் ஆண்டு ஜனவரி 2-ந் தேதி, நேருவே மறுபடியும் வந்து புதுக் கட்டடத்தைத் திறந்துவைத்தார். நிலையத்துக்குச் சாஹ்னியின் பெயர் சூட்டப்பட்டது. 1969-ல் அம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1985-ல் அவர் காலமானார்.

லக்னோவிலுள்ள அந்த நிலையத்தின் வளாகத்திலேயே சாஹ்னியின் சமாதி இருக்கிறது. 77 படிவங்கள் பதித்த அடிக்கல்லையும் அங்கே காணலாம். உள்ளே, மெல்லிய கற்சீவல்களை விளக்கொளியில் வைத்துப் பார்க்கும் வேலை இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.